படிவத்தில் இல்லாத கட்டம்

பின்பனிக் காலத்து விடியல். வெண்பனி போர்த்த நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு மின்சாரக் கார் ஓசையின்றி நின்றிருந்தது. அதன் சக்கரத்தை ஓர் இளம்பெண் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வேனில் வந்தவன் நிறுத்தி இறங்கினான்.

“உதைச்சா ஓடாதுங்க.”

அவள் திரும்பினாள். கண்ணுக்குக் குவளையை உவமை சொன்ன முன்னோர், அக்குவளை சினந்து சிவந்ததைக் கண்டிலர் போலும்... அவனுக்கு மூச்சு ஒரு கணம் தடுமாறிற்று.

“ஓடணும்னு உதைக்கல. இதை வித்தவனை நினைச்சு உதைக்கிறேன்.”

அவள் வீடு தேடிச் சென்று பேறு பார்க்கும் மருத்துவச்சி. இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தி தலைப்பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். புறப்பட்டபோது சார்ஜ் பாதிக்குச் சற்றுக் குறைவு; வண்டியின் திரை நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிற்று; போக வேண்டிய தொலைவோ நூற்றிருபது. ஊரைத் தாண்டியதும் எண்கள் மளமளவென்று சரிந்தன. பதறிப்போய் ஹீட்டரை அணைத்தாள். பல் கிட்டிப்போகும் குளிரில், விரைத்த விரல்களோடு ஓட்டினாள். அப்படியும் நூற்றுப்பத்தில் நின்றுவிட்டது.

இத்தனையும் அவன் வேனில் ஏறிய இரண்டு நிமிடத்திற்குள் சொல்லி முடித்தாள். வெப்பக்காற்று வரும் துளைகளுக்கு முன்னே இரு கைகளையும் விரித்து வைத்திருந்தாள். காந்தள் போன்ற விரல்கள்... நீலம் பாய்ந்திருந்தன.

“இந்தக் கையோட எப்படி ஒரு பிள்ளைத்தாச்சியைத் தொடுறது?” என்றாள், தனக்குள் போல.

அவன் மெல்லப் பேசத் தொடங்கினான். குளிரில் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் தடித்துவிடுமாம். மின்சாரத்தைச் சுமக்கும் துகள்கள் அதில் தளர்நடை போடுமாம். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் வீணாக்கும் சூட்டையே உள்ளே திருப்பிவிடலாம். மின்சார வண்டியிலோ சக்கரமும் ஹீட்டரும் ஒரே கலத்தில் உண்ண வேண்டும். திரை காட்டிய எண், இதமான நாள்களின் ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு.

“உங்களுக்கே இவ்வளவு தெரியுது... வித்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? நானூறு கிலோமீட்டர்னு ஆளுயரத்துக்குப் பலகை மாட்டியிருக்கான்.”

அந்தப் பலகை எந்தக் கடையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். விற்றவன் அவனுடைய அண்ணன். அந்தக் கடையில் பேட்டரிகளைச் சோதிப்பவன் அவனே. சொல்லியிருக்கலாம்... அவ்விழிகள் தன்னை வெறுக்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டான். அதற்குக் காதல் என்றா பெயர்? உண்மை உரைக்க இறைவன் அருளிய நாவை மடித்து வைப்பதற்குக் கோழைத்தனம் என்றே பெயர்.

அவள் நாற்பது நிமிடம் பிந்திச் சேர்ந்தாள். குழந்தை மாமியாரின் கைகளில் முன்னமே பிறந்துவிட்டிருந்தது. தாயும் சேயும் நலம். ஆயினும் அந்த வீட்டார் விடவில்லை. அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்குப் புகார் போயிற்று. நிலையம், வண்டியைச் சோதித்து அறிக்கை தருமாறு கடையைக் கேட்டது.

ஆறாம் நாள் அவள் கடைக்குள் புயலாய் நுழைந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவனைக் கண்டதும் நின்றாள். அந்த வேன்... அந்த முகம்...

“நீங்களா?”

கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள். அவன் கையெழுத்திட்ட படிவம். அதில் இரண்டே கட்டங்கள். ‘வண்டியில் பழுது’ என்று ஒன்று. ‘ஓட்டியவர் தவறு’ என்று ஒன்று. இரண்டாவதில் குறி இடப்பட்டிருந்தது. அந்த ஒரு குறியால், இனி அவள் வீடுகளுக்குச் சென்று பேறு பார்க்கக் கூடாது என்று தடை வரவிருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வரும் வண்டிகளுக்கெல்லாம் அவன் அப்படித்தான் குறித்துப் பழகியிருந்தான். வண்டியில் பழுது இல்லை; ஆகவே மற்றது. அவள் வண்டி என்று தெரிந்தும் கை பழகியபடியே போயிற்று. அந்தக் குறி ஒருத்தியின் பிழைப்பின்மேல் போய் விழும் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. தவறு உறைத்தது... ஆனால் கடை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருக்கு முந்திக்கொண்டது.

“வண்டியில பழுது இருந்தாதானே எழுத முடியும்? நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப குளிர் அடிச்சது என் தப்பா?”

அவன் தலை தாழ்ந்தது.

“அன்னிக்கு வேன்ல கதை கதையா சொன்னீங்களே, திரவம், துகள்னு. அதுல ஒரு வரி... ஒரே ஒரு வரி, வாங்கறப்ப யாராச்சும் சொல்லியிருந்தா, நான் முந்தின நாளே சார்ஜை நிரப்பியிருப்பேன். தெரிஞ்சவங்க வாயை மூடிக்கிட்டீங்க. தெரியாதவ தப்பு பண்ணிட்டாளா?”

தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்ணோரம் ஒரு துளி நின்றது. அதை விழவிட்டால் தோற்றதாகும் என்பதுபோல் விறுவிறுவென்று நடந்தாள்.

அன்று அவன் அண்ணனிடம் அறிக்கையை மாற்றி எழுதப்போவதாகச் சொன்னான். அண்ணன் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் பாதிதான் ஓடும் என்று எழுதிக்கொடுத்தால் இந்த ஊரில் எவன் வண்டி வாங்குவான் என்று கேட்டார். பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறையும், அதைச் சொல்லியே விற்கலாம் என்றான் தம்பி.

“எவளோ ஒருத்திக்காக வீட்டுக்குள்ள இருந்தே குழி பறிக்கிறியா? வெள்ளிக்கிழமை அங்க போனேன்னா, கடைப்பக்கம் வராதே.”

அவன் போனான்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். எதிரே அவள், முதுகு வளையாமல் அமர்ந்திருந்தாள். அழைக்காமல் வந்தவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் புதிய படிவத்தை நீட்டினான். அச்சிட்ட இரு கட்டங்களின் கீழே, பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தது. ‘விற்றவர் சொல்லாதது’.

இப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லையே என்றார் தலைமை அதிகாரி.

“இல்லைங்க. இருந்திருக்கணும். கடை எங்க அண்ணனோடது. குளிர்ல ஓட்டம் குறையும்னு நாலு வருஷமா எனக்குத் தெரியும். இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. முன்னாடி நான் போட்ட கையெழுத்துதான் தப்பு.”

அதிகாரிகள் தங்களுக்குள் பேசினார்கள், கேள்விகள் கேட்டார்கள், இறுதியில் தடை வேண்டாமென்று எழுதினார்கள்.

வெளியே படிக்கட்டில் அவன் நின்றிருந்தான். போக இடமும் இல்லை, கடையும் இல்லை. அவள் வந்து இரண்டு படி மேலே நின்றாள்.

“நன்றி சொல்லுவேன்னு நிக்கிறீங்களா?”

“இல்ல. ஒண்ணு சொல்லணும்... சொல்லாம விட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு. இதையும் விடக் கூடாதில்ல.” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு ரோட்டுல, நீங்க திட்டினப்பவே...”

“அப்பவேவா? அப்பவே பிடிச்சிருந்தும் அந்தக் கையெழுத்தைப் போட்டீங்களா?”

அவள் ஒரு படி இறங்கினாள். சினம் தணியவில்லை.

“பலகை மாட்டினவர் மேல எனக்கு ரெண்டு நாள்தான் கோபம் இருந்துச்சு. புகார் கொடுத்த வீட்டு மேல அதுகூட இல்ல. உங்க மேலதான்... சோறு இறங்கல. வேற யாராவது எழுதியிருந்தா கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். நீங்க எப்படி எழுதலாம்னுதான்...” நிறுத்தினாள். சொல்ல வேண்டாததைச் சொல்லிவிட்டோம் என்று கண்கள் தாழ்ந்தன.

பிறகு, தாழ்ந்த கண்களை நிமிர்த்தாமலே, அடுத்த படியிலும் இறங்கி அவனருகே நின்றாள்.

“எவ்வளவு நேரம் மரம் மாதிரி நிப்பீங்க? நடங்க... உங்க அண்ணன்கிட்ட நானும் ரெண்டு வார்த்தை பேசணும்.”