சூடாக்கியும் மறையாத முகடு

அணு உலைக்கூடத்துக்குள் பகலும் இரவும் ஒன்றுதான். ஜன்னலே கிடையாது. பம்பு ஓயாமல் முனகும். எண்ணெயும் சூடேறிய தூசியும் மணக்கும். குளிரூட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அவள், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தபோது, விஞ்ஞானியான அவள் கணவன் ஒரு படிகத்தைத் தாங்கியில் பொருத்திக்கொண்டிருந்தான்.

புதுப் படிகமாம். புளியங்கொட்டை அளவில் கறுப்புக் கல். ஓரத்தில் சின்ன உடைசல். அந்த உடைசலை அவளுக்குத் தெரியாதா? அவளே கை தவறிப் போட்டது. அதற்காக அக்கா அவளை வெகுநாள் "ஓட்டைக் கை" என்றுதான் கூப்பிட்டாள்.

அக்கா வளர்த்த படிகம். குளிர வைத்து நியூட்ரான்களைப் பாய்ச்சினால், உள்ளே அணுக்காந்தங்கள் புதுமாதிரி வரிசைகட்டுவது திரையில் ஒரு முகடாக எழும் என்று அக்கா அடித்துச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. மறுபடி அளந்து காட்டலாம் என்றால், படிகத்தைக் காணோம். கூட ஆராய்ந்த இவனும் மேஜைக்கடியில் குனிந்து குனிந்து தேடினான். பொய்க்காரி என்ற பேரோடு வேலையை விட்ட அக்கா, அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு தேடினீங்களே?"

"இது வேறம்மா. சும்மா இரு."

படிகம் குளிர்ந்தது. முகடு எழுந்தது.

"பாத்தியா! என் கண்டுபிடிப்பு!"

இந்த மனுஷனை நம்பியா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தோம் என்றிருந்தது அவளுக்கு.

சூடாக்கினால் வரிசை கலைந்து முகடு மறைய வேண்டும். சூடாக்கினான்.

மறையவில்லை.

படிகத்தைக் கழற்றிவிட்டு வெறும் தாங்கியை வைத்தான். முகடு இன்னும் உயர்ந்தது. பின்னால் நாற்காலி, யாரோ உட்கார்ந்ததுபோல் கிறீச்சிட்டது.

இருவருமே நின்றுகொண்டிருந்தார்கள்.

அவன் ஷட்டரை மூடினான். இனி ஒரு நியூட்ரான்கூட வர வழியில்லை.

திரையில் நியூட்ரான் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

"யாருன்னு தெரியுதாங்க?" என்றாள் அவள், மெதுவாக.

அவன் திரையைப் பார்த்துக் கிசுகிசுத்தான். "கட்டுரையில உன் பேரையே முதல்ல போடறேன். சத்தியமா."

எண்ணிக்கை நின்றது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு மேஜைக்கடியில் தேடிய அதே முகம்.

எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது.