சீனுவாசனுக்கு வந்த வெள்ளைப் பக்கம்

"யாரோ என் சைட்டுக்குள்ள பூந்து விளையாடறாங்க சார்" என்றபடி லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள் தையல்நாயகி. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் ராஜாமணியின் அலுவலகம். படுத்துவிட்ட வெப்சைட்டுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். அவருடைய உதவியாளர் கலைமதிக்கோ எந்தக் கோளாறும் கொலைக் கேஸ் மாதிரிதான்.

"எவன்க்கா அவன்?" துள்ளி எழுந்தாள் கலைமதி.

தையல்நாயகி நடத்துவது கல்யாணத் தகவல் மையம். ஒருவர் பெயரைத் தட்டினால், பத்துப் பொருத்தமும் கணக்குப் போட்டு சைட்டே வரன்களைக் காட்டும். எல்லோருக்கும் காட்டுகிறது. மண்டகப்பட்டு சீனுவாசன் ஒருவருக்கு மட்டும் வெறும் வெள்ளைப் பக்கம்.

"எல்லாரும் அப்பா அம்மாவோட வருவாங்க. இவரு போட்டோவ எடுத்துக்கினு தனியா வந்தாரு. 'எனக்கு ஒரு கண்டிஷனும் இல்லைங்க. சாதி, படிப்பு, வயசு, ரெண்டாம் கல்யாணம், எதுவும் பாக்கல. வீட்ல பேச ஒரு ஆளு இருந்தா போதும்'னாரு. ஒவ்வொரு தடவையும் வெள்ளை. இன்னிக்கு சாயந்தரம் போட்டோவத் திருப்பி வாங்கிக்கினு போயிடுவாராம். 'மெஷினுக்கே என்னைப் புடிக்கல'ங்கறாரு சார்."

"யார் மேல சந்தேகம்?" என்றார் ராஜாமணி.

"ரஞ்சித். சைட்டு பண்ணிக் குடுத்ததே அவன்தான். ஓடுதான்னு பாக்க என் பேரைத்தான் முதல்ல போட்டோம். இப்ப எதிர்லயே சொந்தமா மையம் தொறந்துட்டான்."

"அவனேதான்!" என்றாள் கலைமதி.

ராஜாமணி சீனுவாசன் பெயரைத் தட்டினார். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். வெள்ளைப் பக்கம் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி.

"மூணு தடவையும் முப்பதாவது செகண்டுல வருது" என்றார். "கலை, இதே சீனுவாசனுக்கு வயசு முப்பத்தஞ்சுக்குள்ள, டிகிரி, விழுப்புரம்னு கண்டிஷன் போட்டுத் தேடு."

தட்டிய கையோடு நான்கு பெயர்கள் வந்து நின்றன. கலைமதி வாயைப் பிளந்தாள்.

"சாயந்தரம் உங்க மையத்துக்கே வரோம். ரஞ்சித்தையும் வரச் சொல்லுங்க" என்றார் ராஜாமணி.

சாயந்தரம் விழுப்புரம் மையத்திலிருந்து வரன் தேடி வந்த குடும்பங்கள் எல்லாம் போயிருக்கும். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தனக்கென ஒன்றை மட்டும் விட்டுவைத்து, ஓட்டல் பார்சலைப் பிரிப்பது தையல்நாயகியின் வழக்கம். அன்று எல்லா நாற்காலிகளையும் இறக்கிப் போட்டாள். கதவோரத்து நாற்காலியில் சீனுவாசன் செருப்பை வெளியே விட்டு வந்து ஒடுங்கி உட்கார்ந்தார். ரஞ்சித் வந்ததும் எகிறினான்.

"என்னைத் திருடன்னு சொல்லிக்கினு இருக்கீங்களாமே! நல்ல பேஜாரு புடிச்ச கேசு!"

"நீ திருடன் இல்லப்பா" என்றார் ராஜாமணி. "கெடுக்கணும்னு ஆள் வந்தா மொத்த சைட்டையும் கெடுப்பான். இது கரெக்டா முப்பது செகண்டுல நிக்குது. கடிகாரம் பாத்துத்தான் நிக்குது. சைட்டை ஓட்டற சர்வர் கம்ப்யூட்டர்ல ஒரு விதி உண்டு. எந்த வேலையா இருந்தாலும் இத்தனை நேரம்தான். தாண்டினா பாதியிலயே வெட்டிடும்."

கலைமதி லேப்டாப்பைத் திருப்பினாள். சர்வரின் பிழைப் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: முப்பது செகண்ட் வரம்பு மீறல்.

"அது எல்லாருக்கும் உள்ளதுதானே? எனக்கு மட்டும் ஏன்?" சீனுவாசன் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மத்தவங்க கண்டிஷன் போட்டு ஆயிரம் பேரைக் கழிச்சுடறாங்க. மிச்சம் நாலு பேர். நாலு பேருக்குப் பொருத்தம் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்? நீங்க யாரையும் வேணாம்னு சொல்லல. சைட்டு ஒருத்தர் விடாம பொருத்தம் பாத்துக்கினே இருக்கும்போது நேரம் தீந்துடுது. ஒருத்தரும் இல்லாம வந்த வெள்ளை இல்லைங்க அது. அத்தனை பேரு இருக்கறதால வந்தது."

சீனுவாசன் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"நேரத்தை ஜல்தியா ஏத்திடறேன் சார்" என்றான் ரஞ்சித், இறங்கிய குரலில்.

"ஏத்தினா இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்ததும் திரும்ப நிக்கும். இருபது இருபது பேரா பிரிச்சுத் தேட வை. முதல்ல சேர்ந்தவங்க முதல்ல வரட்டும்."

ரஞ்சித் அங்கேயே உட்கார்ந்து மாற்றி முடித்தான். தையல்நாயகி மறுபடி சீனுவாசனின் பெயரைத் தட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் பெயர்கள் இறங்கத் தொடங்கின. முதல் பெயரைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

ராஜாமணியும் பார்த்தார். "கலை, திண்டிவனம் பஸ் போயிடும். ரஞ்சித், நீயும் கிளம்பு."

அவர்கள் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. சீனுவாசன் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார்.

"தை... யல்... நாயகி."

"அது சும்மா டெஸ்டுக்குப் போட்டதுங்க." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படியே விட்டுட்டேன். எடுத்துடட்டுமா?"

தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துப் போயிற்று.

"நான்தான் கண்டிஷனே போடலையேங்க" என்றார் சீனுவாசன்.