பாட்டுக்காரன் வாய்மூடிய மதியம்

கார் நின்ற அதே நிமிடத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டில் எதைத் திட்டுவது என்று தெரியாமல் லகிந்து ஸ்டியரிங்கைத் திட்டினான்.

மெல்சிரிபுரம் தாண்டி, இருபுறமும் தென்னந்தோப்பு. மணி ஒன்றரை. சாலையில் ஈ காக்கை இல்லை. எப்படி இருக்கும்? பழைய வருடம் போய்விட்டது, புதியது இன்னும் வந்து சேரவில்லை. இடையில் இது சிங்களப் புத்தாண்டின் நோனகதய நேரம். அடுப்பு எரியாது, யாரும் வேலையைத் தொடமாட்டார்கள். விகாரைக்குப் போகலாம், சும்மா இருக்கலாம், அவ்வளவுதான். காலையிலேயே தம்புள்ளையில் அக்கா வீட்டில் இருந்திருக்க வேண்டியவன், தூங்கித் தொலைத்துவிட்டு இப்போது இங்கே நிற்கிறான்.

கொஞ்ச தூரத்தில் 'பியல் கராஜ்' என்று ஒரு பலகை தெரிந்தது. தொப்பலாக நனைந்து கேட்டைத் தள்ளினான். விறாந்தையில் ஒருத்தி கன்னத்தில் கை வைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கண்கள்... சிரிப்பை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும் கண்கள்.

"தங்கச்சி, மெக்கானிக் இருக்காரா?"

"இருக்கார். தூங்குறார்."

"கொஞ்சம் எழுப்புறீங்களா? கார் நின்னுபோச்சு..."

"எழுப்பலாம். ஆனா ஸ்பேனரைத் தொடமாட்டார். ஏழு மணி அஞ்சு நிமிஷத்துக்குத்தான் வேலை தொடங்குற நேரம். நீங்க எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?"

லகிந்து தொப்பியைக் கழற்றினான். ஈரத் தலையைக் கோதினான். தன்னை அடையாளம் காண அவளுக்குத் தாராளமாக நேரம் கொடுத்தான். அவள் ஒரு துவாயை நீட்டினாள். அதோடு சரி. பேர் வாங்கிய எட்டு வருடத்தில் இப்படி ஒரு அவமானம் அவனுக்கு நேர்ந்ததில்லை.

நல்லவேளை, அவளுடைய அக்கா நிலூகா வெளியே வந்து பார்த்தாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் வீடே கூடிவிட்டது. இவ்வளவு பெரிய பாடகர் வாசல் தேடி வந்தும் ஒரு வாய் தேநீர் கொடுக்க முடியவில்லையே என்று அம்மா புலம்பினாள். அக்கா புருஷன் பியல் தூக்கக் கலக்கத்தோடு வந்து, கை கொடுத்து, ஏழு மணி வரை மன்னிக்கச் சொன்னான். மதாரா மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆமாம், அதுதான் துவாய் கொடுத்தவளின் பெயர். அம்மா மூன்று தரம் கூப்பிட்டதில் லகிந்து தெரிந்துகொண்டான்.

மழை ஓட்டில் ஒரே தாளத்தில் விழுந்தது. தன்னையறியாமல் அவன் முனகத் தொடங்கினான்.

"நிறுத்துங்க."

"ஏன்?"

"பாட்டுதானே உங்க தொழில்? இந்த நேரத்துல தொழில் செய்யக் கூடாது."

அதுதானே நியாயம், என்னை மட்டும் ஸ்பேனரைத் தொடவிடமாட்டீர்கள் என்று பியலும் சேர்ந்துகொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். லகிந்து வாயை மூடிக்கொண்டான். 'ஓஹோ... ஆளைத் தெரிந்துதான் இவ்வளவு அலட்சியமா?'

அவன் ஒரு மதியம் முழுக்கச் சும்மா இருந்தே பல காலம் ஆயிற்று. வானொலியின் குரல் தேர்வில் மூன்று முறை தோற்றவன். ஊர் ஊராகக் கல்யாண வீடுகளில் மற்றவர்கள் பாட்டைப் பாடித் தொண்டை கட்டியவன். பிறகு 'வாசல் மழை' என்று ஒரு பாட்டு வந்தது. பஸ், த்ரீவீலர், பேக்கரி எங்கும் அதுதான். இத்தாலியில் கூடிய நம் நாட்டவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். அதற்குப் பிறகு முப்பது பாட்டுப் பாடிவிட்டான். ஆனாலும் சனம் கேட்பது அதைத்தான்.

மூன்று மணிக்கு மழை விட்டது. எல்லாரும் வெள்ளை உடுத்தி விகாரைக்குக் கிளம்பினார்கள். லகிந்துவுக்குப் பியலின் வெள்ளைச் சாரம் கிடைத்தது. பியல் குள்ளம். சாரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மதாரா பார்த்தாள், உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. பூட்டி வைத்ததெல்லாம் உடைந்து சிரித்தாள். லகிந்துவுக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. இந்தச் சாரத்தையே இனி வருடம் முழுக்கக் கட்டலாம் என்று தோன்றியது.

வயல் வரப்பில் மற்றவர்கள் முன்னால் போக, அவன் மெதுவாக அவளோடு சேர்ந்து நடந்தான். தன் பாட்டு ஒன்றுகூடப் பிடிக்காதா என்று கேட்டான்.

"ஒண்ணு பிடிக்கும். ஆனா அதை நீங்க பாதியில விட்டுடுறீங்க."

"எது?"

"வாசல் மழை. மூணாவது சரணத்தைப் பாடுறதே இல்ல."

அதற்கு இரண்டே சரணம்தான் என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வரப்பைப் பார்த்தபடி, பாடாமல், பேச்சுப்போலச் சொன்னாள்.

"நீ வரும் வழியில் விளக்கு வைக்கவில்லை... மழையில் அது நிற்காது. கதவை மட்டும் திறந்து வைத்தேன்... நனைந்தாலும் என் வீடு நனையட்டும்."

லகிந்து நின்றுவிட்டான். இரண்டாவது சரணம் முடியும்போதெல்லாம் ஏதோ தொங்கிக்கொண்டே நிற்பதாக அவனுக்குத் தோன்றும். எட்டு வருடமாக, ஒவ்வொரு மேடையிலும். அது இப்போது வந்து பொருந்தியது.

"இது... யார் எழுதினது?"

"நான்."

பத்தொன்பது வயதில் வானொலியின் இளம் கவிஞர் நிகழ்ச்சிக்கு அனுப்பியிருந்தாள். ஓர் இசையமைப்பாளர் ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசினார். பிறகு இசைத்தட்டு வந்தது, எழுதியவர் என்று அவர் பெயரோடு. லகிந்துவுக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. ரசிகர் கடிதங்களை அவன் பிரித்ததே கிடையாது, சாக்கில் கட்டி வைத்திருந்தான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது, மதாரா."

"தெரியாது, சரி. கேட்கவும் இல்லையே? மைக் என்ன கம்பெனின்னு கேட்டிருப்பீங்க. சட்டையை யார் தைச்சதுன்னு கேட்டிருப்பீங்க. வாயில வச்சிருக்கிற சொல்லு யாரோடதுன்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

நாளைக்கே தொலைக்காட்சியில் சொல்லிவிடுகிறேன் என்றான். அந்தப் பெரிய கண்கள் நிறைந்தன.

"இரக்கப்பட்டுக் குடுக்கிற பேர் எனக்கு வேணாம். என் பேரை எங்கயும் சொல்லக் கூடாது."

மாலையில் நேரம் பார்த்து அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் வடக்கு பார்த்து உட்கார, அம்மா பாற்சோற்றில் முதல் கவளத்தை லகிந்துவுக்கு ஊட்டினாள். மதாரா தட்டை வைத்தாள், முகம் பார்க்கவில்லை. ஏழரைக்குக் கார் கிளம்பியது. போய் வருகிறேன் என்றபோது, "ரோடு வழுக்கும், பார்த்துப் போங்க" என்றாள். அந்த ஒரு வரியைத் தம்புள்ளை வரை அவன் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழிந்தது. மதாரா அரசாங்கத் தென்னை நாற்றுப் பண்ணையில் எழுத்தர். காலை பஸ்ஸில் வானொலியில் அவன் பேட்டி ஓடியது. வழக்கமாகக் காதைப் பொத்திக்கொள்பவள் அன்று பொத்தவில்லை. மேடைகளில் 'வாசல் மழை' பாடுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"அந்தப் பாட்டை எழுதினவங்க வேற ஒருத்தங்க. அவங்ககிட்ட நான் கேட்கவே இல்ல. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் பாடமாட்டேன். பேரு? அதையும் அவங்கதான் சொல்லணும்."

மதாரா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டாள்.

பிறகு செய்திகள் வந்தன. சிலாபத்தில் கூட்டம் கூச்சலிட்டதாம். இரண்டு ஊர்களில் அவனை வேண்டாம் என்று விட்டார்களாம். இப்படியே போனால் அடுத்த வருடம் திரும்பவும் கல்யாண வீட்டுப் பாட்டுதான் என்று பியல் கவலைப்பட்டான். மதாரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கோபம் எங்கே போயிற்று? தேடிப் பார்த்தாள்... அது இருந்த இடத்தில் முழங்காலுக்கு ஏறிய ஒரு வெள்ளைச் சாரம்தான் நின்றது. அவன் பாட்டை விட்டதற்கு அவளுக்கு ஏன் நெஞ்சு வலிக்க வேண்டும்?

பொசன் பௌர்ணமி கழிந்த வாரம் குருநாகல் மைதானத்தில் அவனுடைய இசை நிகழ்ச்சி. சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வாசல் மழை, வாசல் மழை என்று கூட்டம் கத்துவது மேடைக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது. நிலூகா தங்கையை லகிந்து இருந்த கூடாரத்துக்குள் தள்ளிவிட்டு, தனக்குக் கடலை வாங்க வேண்டும் என்று காணாமல் போனாள்.

லகிந்து எழுந்து நின்றான். இளைத்திருந்தான்.

"பாடுங்க," என்றாள். "நான் சரின்னு சொல்றேன். பேரையும் சொல்லுங்க. இப்ப நீங்க இரக்கப்பட்டுக் குடுக்கிறதா தோணல."

அவன் நகரவில்லை.

"பொய் சொல்லமாட்டேன், மதாரா. முதல்ல உங்க அனுமதிக்காகத்தான் நிறுத்தினேன். அப்புறம் தனியாப் பாடிப் பார்த்தேன். 'நீ'ன்னு வர்ற இடத்துல எல்லாம் உங்க முகம் வந்து நிக்குது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. ஆனா நீங்க யாரையோ நினைச்சு எழுதின பாட்டு அது. அதை உங்க முன்னாடியே நான் எப்படிப் பாடுறது?"

வெளியே அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொன்னார். கைதட்டல். மதாரா தலையைக் குனிந்துகொண்டாள். காது நுனி சிவந்திருந்தது.

"எழுதினப்போ யாரும் இல்ல," என்றாள். "பத்தொன்பது வயசு... மழை பெய்ஞ்சுது... யாராவது வந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"இப்ப?"

நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இப்போது பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இப்ப அது நீங்கதான்."

அறிவிப்பாளர் மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். லகிந்து போகவில்லை.