கடலைத் துடைத்த வில்லை

காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் நான்கு முக்காலிகளை வரிசையாக நிறுத்தி, நான்கு நெடுவில்லைகளையும் ஒரே மிதவையை நோக்கித் திருப்பினாள் ஜெசிந்தா. மிதவை கரையிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் டெலி லென்ஸ் என்பதை அவள் தன் கட்டுரைகளில் நெடுவில்லை என்றே எழுதுவாள். இருபது வருடமாக அதுதான் வேலை: புதிதாக ஒரு தலைமுறை வந்தால் பழையவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது மேல், எதில் என்ன குறை என்று படமெடுப்பவர்களுக்குச் சொல்வது. கரையோரக் கண்காணிப்புக் கோபுரங்களுக்கு வில்லை வாங்குகிறவர்களும் அவள் எழுத்தைப் படித்துத்தான் முடிவெடுத்தார்கள்.

முதல் தலைமுறை வெறும் கண்ணாடி. ஐந்து கிலோ கனம். உருவங்களின் ஓரத்தில் ஊதா கசியும். இரண்டாவது கைநடுக்கத்தைத் தணித்தது. மூன்றாவதில் ‘தெளிவி’ என்ற சில்லு வந்தது. படத்தில் விழும் புள்ளியையும் பிசிறையும் அது தானாகவே நீக்கிவிடும். நான்காவது நேற்றுத்தான் வந்திருந்தது. தெளிவி வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ள அதில் ஒரு விசை இருந்தது.

மிதவைக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்காகம் நீந்தியது. உடம்பு தண்ணீருக்குள், தலையும் கழுத்தும் மட்டும் வெளியே. முதல் வில்லையில் அது மங்கலான கறுப்புக் கீற்று. இரண்டாவதில் அலகு வரை தெரிந்தது. மூன்றாவதில் மிதவை இருந்தது, அலை இருந்தது, பறவை இல்லை. முங்கிவிட்டதோ என்று மறுபடி இரண்டாவதில் பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது. நான்காவதில் விசையை அணைத்தாள், பறவை வந்தது. விசையைப் போட்டாள், கடல் வெறிச்சென்று ஆனது.

அவள் குறிப்பேட்டைத் திறந்து எதுவும் எழுதாமல் மூடினாள். அவள் ஊரான சிலுவைத்துறையின் கோபுரத்தில் எட்டு வருடமாக இருப்பது மூன்றாம் தலைமுறை.

கடல் ஊருக்குள் ஏறி, எரிபொருள் பங்கீட்டுக்கு வந்த பிறகு, தேடும் படகுகள் நினைத்த மாத்திரத்தில் புறப்படுவதில்லை. கோபுரம் கண்டால் படகு போகும். காணாவிட்டால் போகாது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைக் கோபுரமும் காணவில்லையென்றால் அவர் இறந்தவராகக் கணக்கில் வரமாட்டார். வேறு கரைக்குப் போய்விட்டார் என்ற கணக்கில் ‘கரை மாறியவர்’ என்று பதிவாவார். அவருக்குச் சாவுச் சான்று கிடையாது. அடக்கப் பூசையும் கிடையாது. ஜெசிந்தாவின் அண்ணன் ரெமிஜியுஸ் ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில் அப்படித்தான் கரை மாறினார். அன்று காற்றுகூடப் பெரிதாக இல்லை. மேற்குக் கரையில் அவருக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. நாளாக ஆக, அவர் மனைவி புளோராவும் அதையே பேசினாள்.

கோபுரக் காப்பாளர் இசக்கிராஜ் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஜெசிந்தா கோபுரத்துக்குப் போய் அண்ணன் திரும்பாத அந்த நாளைப் பற்றிக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார்.

“அன்னைக்கு நாந்தாம்மா டூட்டி. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். ஒரு துரும்பு கிடையாது.”

“நீங்க பாத்தது தெளிவி காட்டுனத, சார். அதுக்கு முந்தி வில்லைக்குள்ள விழுந்த மூல ஒளி அப்படியே இருக்கும்லா? ஏழு வருஷம் அழிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கே.”

“பெட்டகத்துல இருக்கு. ஆனா திறக்க வழியில்லையே.”

“இப்ப இருக்கு” என்று அவள் புதிய வில்லையோடு வந்திருந்த திறப்பானை மேசைமேல் வைத்தாள்.

அவர் பதிவேட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாளைத் தேடி எடுத்தார். திரையில் அன்றைய கடல் எழுந்தது. பிசிறும் புள்ளியுமாக, சலிக்காத மாவைப்போல. காலை ஒன்பது பத்துக்கு அந்தப் புள்ளிகளில் ஒன்று மற்றவைபோல மறையவில்லை. ஜெசிந்தா அதைப் பெரிதாக்கினாள். ஒரு தலை, ஒரு மிதவைக் கட்டை. பிறகு ஒரு கை எழுந்தது. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இடது கை முழங்கையில் முழுதாக நிமிரவில்லை. பத்து வயதில் அண்ணன் வள்ளத்திலிருந்து விழுந்தபோது முறிந்து, கோணலாக ஒட்டிய கை அது.

அண்ணன் கையை ஆட்டினார். களைத்துப்போய்க் கட்டையில் தலை சாய்த்தார். மறுபடி ஆட்டினார். பத்து இருபத்தேழுக்குக் கட்டை மட்டும் மிதந்தது.

இசக்கிராஜ் எப்போதோ எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். “கண்டிருந்தா அரை மணி நேரத்துல படகு போயிருக்கும்மா” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

அவள் கோபுரத்தின் கொள்முதல் கோப்பைக் கேட்டு வாங்கினாள். உள்ளே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததுதான் இருந்தது. அவளுடைய கட்டுரை. யாரோ சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்கள்: ‘மூன்றாம் தலைமுறையில் கடல் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. ஒரு புள்ளி இல்லை.’ அந்த வரியை எழுதிவிட்டு, நன்றாக அமைந்துவிட்டதென்று அவள் இரண்டு முறை வாசித்துப் பார்த்தது நினைவிருந்தது.

சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது புளோரா முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“மைனி, அண்ணனப் பத்திப் பேசணும்.”

“அந்தப் பேச்ச இந்த வாசல்ல எடுக்காதன்னு சொல்லிருக்கேன்.”

“அண்ணன் எங்கயும் போகல, மைனி.”

ஜெசிந்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நீர்க்காகத்திலிருந்து ஆரம்பித்தாள், தன் கட்டுரையையும் மறைக்கவில்லை. புளோரா கையில் பிடித்திருந்த மீனைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி பதினேழு நிமிஷம்.”

“கைய ஆட்டுனாவளா?”

“ஆமா.”

“எந்தப் பக்கமாப் பாத்து?”

“கோபுரத்தப் பாத்து, மைனி. கோபுரம் பாக்குதுன்னு அண்ணனுக்குத் தெரியும்லா.”

புளோரா மெதுவாக உட்கார்ந்தாள். “நான் அவியள ஏசாத நாளு இல்ல. அவிய சட்டையெல்லாம் அடுப்புல வச்சேன். பிள்ளைகிட்ட, உங்கப்பன் ஓடிப்போனவம்லேன்னு சொல்லிச் சொல்லியே வளத்திருக்கேன்.” பிறகு ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தாள். “ஒன்ன என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. இப்ப அத யோசிக்கவும் ஏலல.”

“சரி, மைனி.”

“நாளைக்கு சாமியார்ட்ட வந்து நீதான் சொல்லணும். பூசை வைக்கணும். கல்லறையில சிலுவை நடணும்.”

“சொல்லுதேன்.”

புளோரா வாயைப் பொத்தினாள். பொத்திய கையை மீறி அவளிடமிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. சாவு விழுந்த வீட்டில் முதல் ஆளாக அழுகிறவளின் ஓலம். ஜெசிந்தா அவளைத் தொடப் போய், தொடலாமா என்று தெரியாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்த ரோஸ்லினக்கா புளோராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

“யாருட்டி செத்தது?”

“எங்கண்ணன்” என்றாள் ஜெசிந்தா.

“அய்யோ, எப்ப?”

அவள் சொல்ல வாயெடுத்தாள். முற்றம் நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் அதற்குள்ளேயே அழத் தொடங்கியிருந்தார்கள்.