உடையாத நுரை

மலைக்காட்டை ஒட்டியிருந்த சலவைக்கூடத்தில் அன்று காலையிலேயே அண்ணனுக்குச் சரியான அர்ச்சனை.

"சோப்பு நுரையை மரத்து மேல அடிச்சு விளையாடுறியா? விடுதிக்குப் போற போர்வைங்கடா! ஒரு பொட்டு கறை இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க!" என்றாள் அம்மா.

"சத்தியமா நான் இல்லம்மா!"

துணி அலசும் தொட்டிக்கு மேலே நீண்டிருந்த கிளையில் ஒரு வெள்ளை நுரைக்கட்டி தொங்கியது. தங்கை அதை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு வீட்டில் 'நைநை' என்று பெயர். எதைக் கண்டாலும் கேள்வி கேட்டே ஆளை ஒருவழி பண்ணிவிடுவாள்.

மத்தியானம் வாளியிலிருந்த சோப்பு நுரை அடங்கிப்போனது. மரத்து நுரை மட்டும் அப்படியே இருந்தது.

"ஏம்மா, இது ஏன் உடையல?"

"ஆரம்பிச்சுட்டியா? நாளைக்கு அந்தக் கிளையையே வெட்டிடறேன்."

நைநை ஓடிப்போய் ஸ்டூல் போட்டு ஏறினாள். இலைக்கு அடியில் ஒரு பச்சை மரத்தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் சின்னப் பொத்தான்கள் மாதிரி இருந்தன. பின்னங்காலில் அதே நுரை காய்ந்திருந்தது! நுரைக்குள் குட்டிக்குட்டி முட்டைகள்.

"அம்மா, அண்ணன் பாவம்! இது தவளை கட்டின கூடு!"

அம்மாவும் ஏறிப் பார்த்தாள். அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"சரி, இருக்கட்டும். ஆனா போர்வை மேல ஏதாவது விழுந்துச்சு, கிளை இருக்காது" என்றாள் அம்மா.

சில நாட்களில் நுரைக்குள் வால்கள் நெளிந்தன. 'கீழே விழுந்தால் சோப்புத் தண்ணீரில்தானே விழும்?' என்று நைநை கவலைப்பட்டாள். அண்ணனும் அவளும் தொட்டியின் மேல் பலகை போட்டு, மழைத்தண்ணீர் நிரப்பிய அகலமான பாத்திரம் ஒன்றை வைத்தார்கள்.

அன்று சாயங்காலமே தூறல் போட்டது. நுரை இளகியது. தொப்! ஒரு தலைப்பிரட்டை தண்ணீரில் விழுந்து நீந்தியது. தொப், தொப்!

அம்மா கொடியிலிருந்த போர்வைகளை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாக ஓடிவந்தாள். காற்றில் கிளை ஆடியது. ஒரு தலைப்பிரட்டை நேராக வெள்ளைப் போர்வை மேல் விழுந்து துடித்தது.

நைநை கிளையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா போர்வைகளை அண்ணன் கையில் திணித்தாள். தலைப்பிரட்டையை மெல்ல உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீரில் விட்டாள். அது வாலை ஆட்டி நீந்தும்வரை நகரவே இல்லை.

"அம்மா... கிளை?"

"போர்வையை இன்னொரு தரம் அலசிக்கலாம். நீ பாத்திரத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு, அடுத்தது விழப்போகுது!"