ஆமாம் போடும் வீடு

திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்த பரிமளாவுக்கு, சாமி அலமாரிக்குள்ளிருந்து யாரோ "ஆமா" என்றது தெளிவாகக் கேட்டது.

வீட்டில் வேறு யாருமில்லை. கணவன் புருஷோத்தமன் ஒரகடத்துக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். மகள் கீர்த்தி உத்திரமேரூர்ப் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. யார் வயலிலோ ஓடும் மோட்டார் விடாமல் முனகியது. அடிப்பிடித்த சோற்றுப் புகை கூடத்தில் தங்கிக் கிடக்க, சுடர் அசையும்போதெல்லாம் சுவரில் அவள் நிழலும் சேர்ந்து அசைந்தது.

அவள் எதுவும் பேசவே இல்லையே. நினைத்தது மட்டும்தான். சோறுகூட ஒழுங்கா வடிக்கத் தெரியல, நான் எதுக்கும் லாயக்கில்ல.

இப்படி வாய்விட்டுப் புலம்பியதற்குப் பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி போன மாதமே திட்டியிருந்தாள். "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னாக்கா இது பேச்சு? வூட்ல கீற தேவத ஆமான்னுடும். அப்புறம் அப்டியே ஆயிடும்."

அன்றிலிருந்து பரிமளா வாயை மூடிக்கொண்டாள். எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கப்போகிறது? ஐயோ, அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

புருஷோத்தமனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மெஷினில் நிற்கிற மனுஷன் எப்படி எடுப்பார்? தெரியும். ஆனாலும் மனசு சொல்லிவிட்டது: என் மூஞ்சியே அவருக்குப் புடிக்கல.

"ஆமா."

இம்முறை கூடத்துக் கதவருகே. எங்கேயோ கேட்டுப் பழகிய குரல்.

தெருமுனையில் டவுன் பஸ் நின்று, கிளம்பிப் போனது. கீர்த்தி வரவில்லை. பரிமளா தனக்கே சொல்லிக்கொண்டாள்: நினைக்காதே. கீர்த்தியைப் பற்றி மட்டும் எதையும் நினைக்காதே. சாமி பாட்டு பாடிப் பார்த்தாள். வரி மறந்தது. வாய்ப்பாடு சொன்னாள். அதுவும் போயிற்று. நினைப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஏதோ...

பின்கழுத்தில் மூச்சு. சூடாக. அது வாயைத் திறக்கும் சத்தம்.

"யம்மா!"

வாசலில் கீர்த்தி. முழுசாக, செருப்பைக் கழற்றிக்கொண்டு.

பரிமளா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். கடவுளே, இது போதும். வேறெதுவும் வேண்டாம்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற?" கீர்த்தி பையை இறக்கினாள். முகம் வாடியிருந்தது. "கணக்குல பெயிலும்மா. பயந்துக்கினு தமிழ்ச்செல்வி சித்தி வூட்டாண்டயே நின்னுட்டேன். நான் எதுக்கும் லாயக்கில்லம்மா."

அப்படிச் சொல்லாதடி கண்ணு. இதைச் சொல்லத்தான் பரிமளா வாயைத் திறந்தாள்.

"ஆமா."

கீர்த்தி சாமி அலமாரியைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்தாள். பரிமளா இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தினாள். கைக்கு அடியில் உதடுகள் மறுபடியும் அசைந்தன.