கழுத்து நிற்காத மத்தியானம்

இல்லாத நூலைக் காற்றிலிருந்து உருவிக்கொண்டிருந்தான் ஐயாதுரை. விரலால் கிள்ளி, இழுத்து, போர்வைமேல் வைத்து, மறுபடி கிள்ளினான். பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கட்டுத்துணி மடிக்கும் மாரிச்செல்வி புருஷனின் விரல்களைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். அவன் நூலைத் தொட்டதே கிடையாது.

தேவதானத்தில் வயலுக்கு மருந்தடிக்கும்போது டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. வேலையை முடித்துவிட்டே குளிக்கலாமென்று இருந்தவன் வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்தான். ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வந்து இது மூன்றாம் நாள். மூன்று நாளும் அவள் ஸ்டூலில்தான். பினாயில் வாடையும், எத்தனை முறை துடைத்தும் அவன் தோலைவிட்டுப் போகாத பூச்சிமருந்து நெடியும், மின்விசிறியின் கிறீச்சொலியும் அவள் தலைக்குள்ளேயே குடியேறியிருந்தன.

“பயப்படாதீங்கக்கா,” என்றாள் டாக்டர் வின்சி. “நம்ம செல்லுல பூட்டு மாதிரி ஒண்ணு இருக்கு, ரிசெப்டார்னு பேரு. உடம்புல ஊறுத ஒரு ரசாயனம் அதுக்குச் சாவி. வேலை முடிஞ்சதும் சாவி கரைஞ்சிரணும். விஷம் கரைய விட மாட்டேங்கு. நாங்க ஊசியில போடுத அட்ரோபின் மருந்து பூட்டுக்குள்ள போயி, திருகாம சும்மா உக்காந்துக்கிடும். சாவி நுழைய எடமிருக்காது. மூளையிலயும் போய் உக்காருதுல்லா, அதான் இல்லாததெல்லாம் தெரியுது. டோஸைக் குறைச்சா தெளிஞ்சிருவாரு.”

தெளிந்துவிட்டான். மத்தியானம் விரல்கள் அடங்கின. “ஏட்டி செல்வி, சாப்பிட்டியா?” என்று கேட்டான். அவள் கட்டில் கம்பியில் நெற்றியைச் சாய்த்துச் செத்த நேரம் கண்ணயர்ந்தாள்.

விழித்ததும் பால் டம்ளரை எடுத்தாள். “தலையத் தூக்குங்க.”

தூக்கவில்லை.

கழுத்துக்கு அடியில் கை கொடுத்தாள். தலை பின்னால் தொங்கியது. இமைகள் பாதி சரிந்திருந்தன. “முடியலட்டி.” குரல் மூக்கால் வந்தது. ஊட்டிய பாலும் மூக்கால் வந்தது.

வின்சி ஓடிவந்தாள். “தசையில இன்னொரு வகைப் பூட்டு இருக்குக்கா. அட்ரோபின் அங்க ஒட்டாது. சாவி விடாம திருகித் திருகி, அது ஓஞ்சு போச்சு. இனி மூச்சையும் அவரால தானா இழுக்க முடியாது.”

தொண்டைக்குள் குழாய். குழாயில் ஒரு ரப்பர் பை. வின்சி அதை அமுக்கிக் காட்டி அவள் கையில் கொடுத்தாள்.

“வெண்டிலேட்டரை எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் இதே மாதிரி அமுக்குங்க. நிறுத்திராதீங்க.”

அமுக்கினாள். நெஞ்சு ஏறியது. விட்டாள். இறங்கியது. அமுக்கினாள்.

மணிக்கட்டு மரத்தது. இமைகள் இப்போது முழுக்க மூடியிருந்தன.

“அவிய தூங்குதாவளா?” வாசலை நோக்கிக் கேட்டாள். வின்சி இன்னும் திரும்பியிருக்கவில்லை.

ஒரு கையால் அமுக்கிக்கொண்டே, மறுகைக் கட்டைவிரலால் இமையைத் தூக்கினாள்.

அகன்ற கருமணி. தூக்கமில்லை. மயக்கமுமில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பையைப் பிடித்த விரல்கள் சோர்ந்து நின்றன.

நெஞ்சும் நின்றது.

அந்தக் கண் மட்டும் அவளைப் பார்த்தபடி இருந்தது. கெஞ்சக்கூட அதற்கு வழியில்லை.